இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் ஒட்டும்: யாரும் போடாத கணக்குக்கு விடை எப்படி வந்தது?

சுங்கைடுவா சார் | சனி, மாலை 5:40

இன்று காலை பள்ளி மண்டபத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு ஒன்று செய்து பார்த்தேன். இன்னும் மனசு அதிலேயே நிற்கிறது, அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மேனிலா அட்டையில் நாலு விதச் சீட்டு, விதத்துக்கு இருபது. ஒவ்வொன்றிலும் கீழே இடது மூலையில் ஓர் எண், வலது மூலையில் ஓர் எண், மேலே ஓர் எண். எல்லாம் 0 அல்லது 1. கீழே உள்ள இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் மேலே 0, வேறுவேறாக இருந்தால் மேலே 1. இந்த விதியைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னது இவ்வளவுதான்: பெட்டிக்குள் கைவிட்டு வருவதை எடு. செங்கல் அடுக்குவது போல, தரையில் இருக்கும் இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் மேலே வைத்துப் பார். கீழ் மூலை இரண்டும் பொருந்தினால் வைத்துவிட்டு வா. ஒன்று மட்டும் பொருந்தினால் எடுத்துவிடு, வேறு இடம் தேடு. எங்கேயும் இடமில்லை என்றால் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடு.

இரண்டு ஓரங்களிலும் 1 என்று எழுதிய சீட்டுகளைக் கவட்டை போல விரியும்படி முன்னாலேயே நாடா போட்டு ஒட்டியிருந்தேன். அடிமுனையில் ஒரே ஒரு சீட்டு. வேலை கீழிருந்து மேலே வளர்ந்தது. வாசிக்க வசதியாக இங்கே மேலிருந்து கீழாகத் தருகிறேன்:

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
1 1 1 1 1 1 1 1

எட்டு வரிசை. ஓரத்தை விட்டால் 21 சீட்டு. இருபது நிமிடத்தில் முடிந்தது. 0 இருக்கும் இடங்களை எழுந்து நின்று பாருங்கள், முக்கோணத்துக்குள் முக்கோணம் தெரியும். பாஸ்கல் முக்கோணத்தை (ஓரத்தில் 1, மற்ற இடங்களில் மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டல்) எழுதி ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 போட்டாலும் இதே படம்தான். இன்னும் மேலே வளர்த்துக்கொண்டே போனால், முக்கோணத்துக்குள் முக்கோணமாக முடிவில்லாமல் போகும் சியர்பின்ஸ்கி முக்கோணம்.

ஒரு பெண்பிள்ளை பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், நாங்க யாருமே கணக்குப் போடலையே, அப்புறம் விடை எப்படி வந்துச்சு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இங்கே இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பேசுவோம்.

---

சைபர்ஜெயா செந்தில் | சனி, மாலை 6:25

சார், முயற்சி அருமை. ஆனால் ஒரு மென்பொருள் ஆள் என்ற முறையில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கைப் போட்டது நீங்கள்தான், சீட்டு எழுதும்போதே. நாலு சீட்டும் சேர்ந்தால் அதுதான் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கூட்டல் அட்டவணை. பிள்ளைகள் அதைத் தேடிப் பார்த்து எடுத்து வைத்தார்கள். என் கைப்பேசி இந்த எட்டு வரிசையைக் கண் இமைப்பதற்குள் போட்டுவிடும். தானாகக் கூடுகிறது என்பதற்காக அதைக் கணினி என்று சொல்லலாமா?

---

ஆய்வுக்கூட மீனா | சனி, இரவு 8:10

வணக்கம் சார். கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் மண்டபத்தில் நடந்தது போலவே சோதனைக் குழாய்க்குள் நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பதிலாக டி.என்.ஏ.

கோவிட் காலத்தில் பி.சி.ஆர். என்ற சொல் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அதன் அடிப்படை எளிது. டி.என்.ஏ. இழையில் நாலு எழுத்து. ஒன்றுக்கு ஒன்று ஜோடி. சூடாக்கினால் ஜோடி பிரியும், ஆறினால் தன் ஜோடியைத் தேடி ஒட்டும். தேடிப் போகும் வேலையை யாரும் செய்வதில்லை, நீரில் மூலக்கூறுகள் ஓயாமல் முட்டி மோதுவதே போதும். சார் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கச் சொன்னாரே, அதுதான் இது.

இதை வைத்துக் கணக்குப் போடலாம் என்று முதலில் செய்து காட்டியவர் லெனர்ட் ஏடெல்மன், 1994இல். ஏழு ஊர், ஒருவழிப் பாதைகள், ஒவ்வோர் ஊரையும் ஒரே ஒரு முறை தொட்டுப் போக வழி உண்டா என்ற கேள்வி. ஒவ்வோர் ஊருக்கும் 20 எழுத்து இழை. பாதைக்கான இழையில் பாதி புறப்படும் ஊர், பாதி சேரும் ஊர். எல்லாவற்றையும் கலந்தால் இழைகள் தாமாகவே நீளநீளமான பயணங்களாகக் கோத்துக்கொள்ளும். கலந்தவுடன் விடை குழாய்க்குள் இருந்தது. அதைப் பிரித்து எடுக்கத்தான் ஏழு நாள் ஆனது.

செந்தில் அண்ணே சொல்வதிலும் நியாயம் உண்டு. அடுத்த ஆண்டே ஹார்ட்மானிஸ் ஒரு கணக்குச் சொன்னார்: இதே வழியில் 200 ஊருக்கு விடை தேடினால், தேவைப்படும் டி.என்.ஏ. பூமியின் எடையைவிட அதிகமாகிவிடும். எல்லாப் பதிலையும் உருவாக்கி நல்லதைப் பொறுக்கும் வழி அது. சாரின் சீட்டு வழி அப்படி இல்லை. வளரும்போதே சரியானது மட்டும்தான் ஒட்டுகிறது.

---

டைல்ஸ் முருகேசு | சனி, இரவு 9:02

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு டைல்ஸ் போடும் தொழில், முப்பது வருஷம். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. ஆனால் சார் எழுதியதை வாசித்ததும் அஞ்சடியில் (கடைவாசல் நடைபாதையில்) போடும் பூ டைல்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஒரு டைல்ஸில் கால் பூதான் இருக்கும். நாலு சேர்ந்தால்தான் பூ. பக்கத்து டைல்ஸின் ஓரம் சொல்லும், இதை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று.

ஒரு சந்தேகம். எங்கள் வேலையில் ஓரம் பொருந்துகிற டைல்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தால், தரை முழுக்கப் போட முடியுமா முடியாதா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவோம். இதற்கும் கணக்கு உண்டா?

---

பிறை படிவம் ஆறு | சனி, இரவு 9:48

முருகேசு அண்ணே, நீங்கள் கேட்டது கணிதத்தில் பெரிய கேள்வி! 1961இல் ஹாவ் வாங் இதைத்தான் கேட்டார். சதுர டைல்ஸ், நாலு ஓரத்திலும் வண்ணம், திருப்பக் கூடாது, ஓரம் ஒத்தால்தான் அடுத்தடுத்து வைக்கலாம். இப்படி ஒரு கட்டு கொடுத்தால் எல்லையில்லாத தரையை நிரப்ப முடியுமா என்று கண்டுபிடிக்க ஒரு பொதுவழி இருக்கிறதா? 1966இல் ராபர்ட் பெர்கர், எல்லாக் கட்டுக்கும் செல்லும் பொதுவழி இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டார். காரணம் என்ன தெரியுமா? டைல்ஸ் வரிசைகளுக்குள் ஒரு டூரிங் இயந்திரத்தையே, அதாவது எந்த நிரலையும் ஓட்டக்கூடிய கற்பனைக் கணினியையே, ஓட்டலாம். ஒரு வரிசை என்பது இயந்திரத்தின் ஒரு கணம், அடுத்த வரிசை அடுத்த கணம். தரை நிரம்புமா என்று கேட்பதும் இந்த நிரல் நிற்காமல் ஓடுமா என்று கேட்பதும் ஒன்றாகிவிடுகிறது.

பெர்கர் கட்டிய தொகுப்பில் 20,426 வகை டைல்ஸ், எப்படிப் போட்டாலும் ஒரே பூவேலை சீராகத் திரும்பத் திரும்ப வராத தரை. 2015இல் அதை 11 வகைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குக் கீழே போக முடியாது என்பதும் நிரூபணமாகிவிட்டது.

இந்த டைல்ஸையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்தவர் எரிக் வின்ஃப்ரீ. 1998இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு இதுதான். நெட் சீமன் அதற்கு முன்பே டி.என்.ஏ.வை மரபுச் செய்தியாகப் பார்க்காமல் கட்டடச் சாமானாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார். இருவரும் சேர்ந்து ஒட்டும் முனைகள் கொண்ட டி.என்.ஏ. ஓடுகளை (டைல்ஸ் போன்ற துண்டுகளை) செய்தார்கள், அவை தட்டையான படிகமாக வளர்ந்தன. 2004இல் ரோத்மண்ட், பாபடாகிஸ், வின்ஃப்ரீ மூவரும் சாருடைய அதே முக்கோணத்தை டி.என்.ஏ.வில் வளர்த்துக் காட்டினார்கள்.

---

சைபர்ஜெயா செந்தில் | சனி, இரவு 10:15

டூரிங் இயந்திரம் வரை போகும் என்றால் நான் கொஞ்சம் பின்வாங்குகிறேன், தம்பி. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. அட்டவணை சீட்டில் இருக்கிறது, சரி. நிரலை ஓட்டுவது யார்?

---

சுங்கைடுவா சார் | சனி, இரவு 10:58

செந்தில், இதைத்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். காலையில் நடந்த இன்னொன்றை எழுதாமல் விட்டுவிட்டேன், பதில் அதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதல் ஆட்டம் முடிந்ததும் விதியைத் தளர்த்திப் பார்த்தேன். கீழ் மூலையில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும், வைத்துவிடலாம். நாலு நிமிடத்தில் தரை நிரம்பிவிட்டது! பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் முக்கோணம் இல்லை. கலைத்துவிட்டு இன்னொரு முறை செய்தோம், வேறு படம். மூன்றாம் முறை இன்னொரு படம். அதே சீட்டு, அதே பெட்டி, அதே பிள்ளைகள்.

அப்படியானால் கணக்கு சீட்டில் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து சம்மதித்தால்தான் உட்காரலாம் என்ற அந்த ஒரு கட்டுப்பாட்டில் இருக்கிறது. இடது பக்கத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது, வலது பக்கத்திலிருந்து ஒன்று வருகிறது. இரண்டும் ஒரு சீட்டின் மேல் சந்திக்கும்போதுதான் "இது வந்து அதுவும் வந்தால்" என்ற நிபந்தனை பிறக்கிறது. நிபந்தனை இல்லாமல் ஏது கணக்கு?

---

ஆய்வுக்கூட மீனா | ஞாயிறு, காலை 7:20

சார் சொன்னதுதான் குழாய்க்குள்ளும் நடப்பது, அங்கே காவல் நிற்பது வெப்பநிலை. ஒரு ஒட்டும் முனை மட்டும் பிடித்திருந்தால் ஓடு கழன்று போய்விட வேண்டும், இரண்டு பிடித்தால் நிற்க வேண்டும். அப்படி ஒரு சூட்டில் குழாயை வைத்திருப்பார்கள். கூடுதலாகச் சூடேற்றினால் எதுவும் வளராது. ஆறவிட்டால் கண்டதும் ஒட்டும், சாரின் இரண்டாவது ஆட்டம் போல. நடுவில் ஒரு மெல்லிய இடைவெளிதான் கிடைக்கும். பலவீனமான பிடி இரண்டு சேர்ந்து ஒரு பலமான பிடி. இதைத் துறையில் ஒத்துழைப்புப் பிணைப்பு என்பார்கள்.

டி.என்.ஏ.தான் வேண்டும் என்றுகூட இல்லை. ரோத்மண்ட் 2000ஆம் ஆண்டில், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் பிளாஸ்டிக் ஓடுகளை மிதக்கவிட்டே இதைச் செய்து பார்த்தார். ஓரங்களில் சில இடம் தண்ணீரை ஈர்க்கும், சில இடம் விலக்கும். தட்டை ஆட்டினால் பொருந்தும் ஓரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அவர் போட்டதும் சாருடைய அதே 0, 1 கணக்கு.

---

தண்ணீர்மலை அக்கா | ஞாயிறு, காலை 9:05

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து வாசிக்கிறேன். நீங்கள் பேசுவது சிக்குக் கோலம் தெரிந்தவர்களுக்குப் புதிது இல்லை. ஒரு புள்ளியைச் சுற்றிக் கம்பி எப்படி வளையும் என்பதைப் பக்கத்துப் புள்ளிகள்தான் சொல்லும். கட்டத்தின் ஓரத்தில் கம்பி வந்து நின்றால், அடுத்த கட்டத்தில் அதே இடத்தில்தான் பிடித்துத் தொடர வேண்டும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இலேயே கோலத்துக்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கணினி அறிவியல் கட்டுரை, கலைக் கட்டுரை இல்லை. நம் பெண்கள் மாவில் போட்டதை அவர்கள் விதிகளாக எழுதிக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் சாரோடு நான் உடன்படவில்லை. கோலம் போடுகிறவள் முழுக் கோலத்தையும் மனசில் வைத்துக்கொண்டுதான் முதல் இழையை இழுக்கிறாள். 15 புள்ளியில் தப்பு வந்தால், தூரத்திலிருந்து பார்த்தே எங்கே பிசகியது என்று என்னால் சொல்ல முடியும். ஓட்டுக்கு அது தெரியாது. அதை ஒத்துழைப்பு என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

---

சுங்கைடுவா சார் | ஞாயிறு, காலை 10:30

அக்கா, நியாயமான கேள்வி. ஓட்டுக்கு மனம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திருவிழாவில் ஆயிரம் பேர் சேர்ந்து தேங்காய் குவிக்கும்போதும் ஒவ்வொருவருக்கும் குவியலின் முழு வடிவம் தெரிவதில்லையே. தன் கைக்கு எட்டிய இடத்தில் பொருந்த வைக்கிறார்கள். முழுதும் தெரியாமலே முழுதுக்கு உதவ முடியும், அதைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தப்பு கண்டுபிடிப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் மனதைக் குத்துகிறது. காலை ஆட்டத்தில் ஐந்தாம் வரிசையில் ஒரு பையன் அவசரத்தில் ஒரு சீட்டைத் தப்பாக வைத்தான். யாரும் கவனிக்கவில்லை. அதற்கு மேல் எல்லாப் பிள்ளைகளும் சரியாகத்தான் வைத்தார்கள், ஆனால் படம் கெட்டுக்கொண்டே போனது. கலைத்துத் திரும்பச் செய்ததைத்தான் மேலே எழுதினேன்.

---

டைல்ஸ் முருகேசு | ஞாயிறு, மதியம் 12:40

இது எனக்கு நன்றாகத் தெரியும் சார். முதல் வரிசையில் அரை மில்லி விலகினால் கண்ணுக்கே தெரியாது. அடுத்தடுத்த வரிசையிலும் அதே விலகல் சேர்ந்துகொண்டே வந்தால், இருபதாவது வரிசையில் சுவர் ஓரம் பத்து மில்லி இடைவெளி நிற்கும். ஒரு வேலையில் எனக்கு அப்படி ஆகி, ஒரு முழு அறையைப் பெயர்த்துப் போட்டோம். அன்றிலிருந்து நூல் பிடிக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. முந்தின வரிசையை மட்டும் பார்த்துப் போட்டால் முந்தின வரிசையின் தப்பையும் சேர்த்துத்தான் போடுவோம். நூல் வெளியே இருக்கிறது, அதற்குத் தரையின் தப்பு ஒட்டாது. அந்த டி.என்.ஏ. ஓட்டுக்கு நூல் யார் பிடிப்பது?

---

பிறை படிவம் ஆறு | ஞாயிறு, மதியம் 2:15

அண்ணே, அவர்களும் இதில்தான் மாட்டினார்கள். 2004 முக்கோணத்தில் பிழை 1 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது. நூறு ஓட்டில் ஒன்று தப்பினாலே போதும், இந்தக் கணக்கில் அந்த ஒரு தப்பு தானும் ஒரு முக்கோணமாக விரிந்து சரியான படத்தின் மேல் படிந்துவிடும்.

வெளியே நூல் பிடிக்க முடியாது, அதனால் நூலை ஓட்டுக்குள்ளேயே வைத்தார்கள். 2003இல் வின்ஃப்ரீயும் பெக்போலதோவும் சொன்ன வழி: ஓர் ஓட்டுக்குப் பதிலாக இரண்டுக்கு இரண்டு என்று நாலு ஓடு. அந்த நாலும் ஒன்றுக்கொன்று மட்டுமே பொருந்தும்படி உள் ஓரங்கள். இப்போது ஒரு தப்பு ஓடு வந்து உட்கார்ந்தால், அதன் பக்கத்து ஓட்டுக்கும் இடம் பொருந்தாது. அதுவும் தப்பினால்தான் வளர்ச்சி தொடரும். இரண்டு தப்பு அடுத்தடுத்து வருவது அபூர்வம், அதனால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். நிற்கும் நேரத்தில் முதல் தப்பு ஓடு கழன்று போய்விடும், ஏனென்றால் அதை ஒரு பிடிதான் பிடித்திருக்கிறது. தப்பைக் கண்டுபிடிக்க யாரும் பார்க்க வேண்டியதில்லை, அக்கா. காத்திருந்தாலே போதும்.

அப்புறம் சார், உங்கள் இரண்டாவது ஆட்டத்துக்கு ஒரு தேற்றமே இருக்கிறது. ஒரு பிடி போதும் என்ற விதியில், தட்டையான தரையில், பொதுவான கணக்கைப் போட முடியுமா என்பது பல ஆண்டுகள் திறந்த கேள்வியாக இருந்தது. 2017இல் மெனியேவும் வுட்ஸும், அந்த விதியில் தட்டையான தரையில் எல்லைக்குட்பட்ட டூரிங் இயந்திரத்தைக்கூடப் போலச் செய்ய முடியாது என்று காட்டினார்கள். ஆனால் மேலே ஏறித் தாண்ட இன்னொரு பரிமாணம் கிடைத்தால் முடியும் என்று 2011இலேயே குக், ஃபூ, ஷ்வெல்லர் காட்டியிருந்தார்கள். பாதையை மறித்து நிற்கும் ஓடே அங்கே செய்தியாகிவிடுகிறது. நாலு நாளாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், பாதிதான் புரிகிறது.

---

சைபர்ஜெயா செந்தில் | ஞாயிறு, இரவு 8:30

இன்று முழுக்க இதைத்தான் வாசித்தேன். என் முதல் பதிவில் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டேன், அது சரியில்லை.

2019இல் வுட்ஸ், டோட்டி, வின்ஃப்ரீ உள்ளிட்ட குழு 355 வகை ஓடு செய்திருக்கிறது. ஒவ்வொன்றும் 42 எழுத்து ஒற்றை இழை. எல்லா ஓடுகளையும் ஒரு முறைதான் செய்தார்கள். அதிலிருந்து எதையெதைக் குழாயில் ஊற்றுகிறோமோ அதுதான் நிரல். ஆறு பிட் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) உள்ளீடு, 21 விதக் கணக்கு: வரிசைப்படுத்துவது, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது, மூன்றால் வகுபடுமா, 63 வரை எண்ணுவது. பிழை 3,000 ஓட்டுக்கு ஒன்றுக்கும் கீழே. பத்து விழுக்காட்டிலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

மூன்றால் வகுபடுவதைக் காகிதத்தில் நானே ஓடாக எழுதிப் பார்த்தேன். ஆறே ஓடு. இடது ஓரத்தில் இதுவரை உள்ள மீதி (0, 1, 2), கீழே அடுத்த பிட், வலது ஓரத்தில் புது மீதி: பழைய மீதியை இரட்டித்துப் பிட்டைக் கூட்டி, மூன்றால் வகுத்து மிஞ்சுவது. 110 என்று வைத்தேன். மீதி 0, பிட் 1, புது மீதி 1. மீதி 1, பிட் 1, புது மீதி 0. மீதி 0, பிட் 0, புது மீதி 0. ஆறு, வகுபடும். இருபது வருஷமாக நிரல் எழுதுகிறேன், ஒரு நிரலைக் கையால் தொட்டு நகர்த்தியது இதுதான் முதல் தடவை.

2024இல் இன்னும் ஒரு படி. சிகாகோவின் அர்விந்த் முருகனும் வின்ஃப்ரீயும் மற்றவர்களும் 917 ஓடுகளை வைத்து, ஒரே கலவை மூன்று வெவ்வேறு வடிவங்களில் எதுவாகவும் கூடலாம் என்று அமைத்தார்கள். எந்த ஓடு எவ்வளவு அடர்த்தி என்பதுதான் உள்ளீடு; ஒரு படத்தின் புள்ளிகளை அந்த அடர்த்தியாக மாற்றிக் கொடுத்தால், எந்த வடிவம் முளைக்கிறது என்பதே படம் எந்த வகை என்ற பதில். வேகத்தில் என் கைப்பேசி வெல்லும். ஆனால் என் கைப்பேசி ஒரு துளி நீருக்குள் போய் அங்கே இருப்பதை உணர்ந்து, விடையை ஒரு பொருளாகவே கட்டித் தராது.

---

தண்ணீர்மலை அக்கா | ஞாயிறு, இரவு 9:10

தம்பி சொன்ன இரண்டுக்கு இரண்டு எனக்குப் பிடித்திருக்கிறது. மனசில் முழுக் கோலமும் இல்லாமல் தப்பைத் தானே உதிர்த்துவிடுகிறது என்றால், அந்தச் சொல்லை அதற்குக் கொடுக்கலாம். சார், அடுத்த முறை பிள்ளைகளைச் சிக்குக் கோலச் சீட்டு செய்யச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பதிலாக ஓரத்தில் கம்பி வரும் இடம். நான் வந்து வரைந்து தருகிறேன்.

---

சுங்கைடுவா சார் | ஞாயிறு, இரவு 10:05

அக்கா, கட்டாயம் வாருங்கள். வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு மண்டபம் திறந்திருக்கும்.

இரண்டுக்கு இரண்டையும் அன்றே செய்யப்போகிறேன். நாலு விதம் பதினாறாகும், உள் ஓரங்களுக்கு எண் போதாது, வண்ணம் தீட்ட வேண்டும். ஒரே ஒரு சிக்கல். என் பிள்ளைகள் வைத்த சீட்டு தானாகக் கழன்று போகாது. அதனால் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் வேறு வேலை: தரையைச் சுற்றி வந்து, ஒரு பக்கம் மட்டும் பொருந்தி, மேலே எதுவும் ஏறாத சீட்டைக் கண்டால் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். மீனா, குழாயில் வெப்பம் செய்யும் வேலை இதுதானே? தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

---

ஆய்வுக்கூட மீனா | ஞாயிறு, இரவு 10:22

சரிதான் சார். ஒன்று மட்டும் மாற்றுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் தேடிப் பார்த்து எடுக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஓரச் சீட்டைத் தொடட்டும். ஒரு பக்கம் பொருந்தியது என்றால் எடுக்கட்டும், இரண்டு பக்கம் என்றால் விட்டுவிடட்டும். வெப்பத்துக்குக் கண் கிடையாது.

---

டைல்ஸ் முருகேசு | திங்கள், காலை 6:50

சார், அட்டை வேண்டாம், பிள்ளைகள் மிதித்தால் மடங்கிவிடும். பழைய வேலையில் மிஞ்சிய நாலு அங்குல வெள்ளை டைல்ஸ் ஒரு லோரி மூலையில் கிடக்கிறது, முந்நூறுக்குக் குறையாது. ஓரத்தைத் தேய்த்துக் கூர் போக்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியில் இறக்கிவிடுகிறேன். எந்த ஓரத்துக்கு எந்த வண்ணம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், சாயத்தோடு வருகிறேன்.